கூரைப் படகும் திறந்த வள்ளமும்

படகு வந்த நாளில் நெடுந்தீவு இறங்குதுறை திருவிழா மாதிரி இருந்தது. கோயில் மேளக்காரர் ஒரு பக்கம், தேவாலயத்துப் பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் மறு பக்கம். இரண்டு பகுதியும் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டதால் ஒரு பாட்டும் விளங்கவில்லை. அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவுமில்லை. அடுப்பில் உலையை வைத்துவிட்டு ஓடி வந்த பெண்கள் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பிறகு அதற்குக் கூரை தெரிந்தது. கண்ணாடி யன்னல்கள் தெரிந்தன. "மெய்யாத்தான் கூரை போட்டிருக்கு" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். அந்தக் கூரைக்காக நாங்கள் எத்தனை பேரிடம் எத்தனை தேர்தல்களில் கேட்டிருப்போம்!

நல்லதம்பி அண்ணை கையில் ஒரு மாலையோடு என் பக்கத்தில் நின்றார். கோயில் தர்மகர்த்தா. எங்கள் சேவைக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் குழுவிலிருந்து விலகியிருந்தார். ஆனாலும் படகு வருகிறது என்றதும் மாலையோடு வந்துவிட்டார். "கோபம் மனிசரோடை. படகோடை இல்லை" என்று வழியில் என்னிடம் சொல்லியிருந்தார்.

படகு கரையை அணைவதற்காகத் திரும்பியது. அதன் பக்கவாட்டில் கும்பிட்டபடி சிரிக்கும் எம்.பி.யின் படம். பின்னால் கட்சியின் நிறம். 'நோயாளர் படகு' என்ற எழுத்துக்கள் படத்துக்குக் கீழே, சின்னதாக.

நல்லதம்பி அண்ணை கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாலையை என் கையில் வைத்தார்.

"மனேச்சர், இதை நீரே போடும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வந்த வழியே நடந்து போனார். மேளச்சத்தத்தில் அவர் போனதைப் பலர் கவனிக்கவில்லை. அவருடைய மனைவி பாக்கியக்கா கவனித்தார். ஆனால் அவர் பின்னால் போகவில்லை. எல்லாருக்கும் முதலில் படகுக்குள் ஏறி, நோயாளிக் கட்டிலில் இருந்து, ஒருமுறை உன்னிப் பார்த்துவிட்டு, வெளியே நின்ற எங்களுக்குக் கேட்கச் சொன்னார்:

"நல்ல மெத்தை! இதிலை படுக்கிறதுக்கெண்டே ஒரு நோய் வருத்தம் வரவேணும்!"

கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒரே படலையில் இரண்டு சட்டி

கூட்டுறவுச் சங்கக்கடையில் நான் மனேச்சராக இருந்த காலத்தைப் பற்றிப் போன கிழமைகளில் இந்த வாரப் பத்தியில் எழுதி வந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் தீவில் எனக்குப் பெயர் 'மனேச்சர்'தான். சேவைக் குழுவுக்குள் என்னை இழுத்ததும் அந்தப் பெயர்தான். அரிசி எங்கே நல்லது, பருப்பு எப்போது வரும் என்று தெரிந்த ஒருவன் அவர்களுக்குத் தேவைப்பட்டான்.

குழு என்று சொன்னாலும் அதற்குப் பெயர்ப்பலகையோ பதவியோ முதலில் இருக்கவில்லை. சண்டையில் இடம்பெயர்ந்த சனங்கள் ஊர் திரும்பிக் குடியேறிய பிறகு, தீவில் பல வீடுகளில் வயதானவர்கள் மட்டுமே இருந்தார்கள். பிள்ளைகள் கனடாவில், பிரான்சில், சுவிசில். போனில் முகம் தெரியும். ஆனால் போன் கஞ்சி வைத்துத் தராது.

தேவாலயத்துப் பெண்களில் திரேசா என்பவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கஞ்சி காய்ச்சி இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கொண்டுபோவார். கணவரைக் கடலில் பறிகொடுத்தவர். ஒரே மகளை யாழ்ப்பாணத்தில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியே இருந்தார். பெரிய குரல், வேகமான நடை. கோயில் பக்கத்தில் பாக்கியக்காவும் வெள்ளிக்கிழமைகளில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஒருவருக்கு மற்றவரைப் பற்றித் தெரியாது.

தேவாலயத்துப் பெருநாள் ஒன்று வெள்ளிக்கிழமையில் வந்தது; திரேசா அன்றைக்கும் கஞ்சி காய்ச்சினார். தனியே இருந்த ஒரு கிழவரின் வீட்டு வாசல் படலையில் இரண்டு பெண்களும் இரண்டு சட்டியோடு சந்தித்துக்கொண்டார்கள். கிழவர் இரண்டு சட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வேறை நாளுகளிலை நான் பட்டினி கிடக்க, இண்டைக்கு ரெண்டு பேரும் வந்து நிக்கிறியள்" என்று ஏசியிருக்கிறார். இரண்டு பெண்களுக்கும் சிரிப்பை அடக்க ஏலாமல் போய்விட்டதாம். அந்தப் படலையடியிலேயே கிழமை நாட்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பங்கிட்ட பிறகு, ஏன் இரண்டு அடுப்பு என்று ஒரு கேள்வி வந்தது.

நல்லதம்பி அண்ணை கோயில் மடத்துக் குசினியைத் திறந்துவிட்டார். "மச்சம் மட்டும் இஞ்சை காய்ச்சாதேங்கோ" என்றார். "கடல்லை மீனுக்கே பஞ்சம் அண்ணை. உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம்" என்றார் திரேசா. கோயில் ஐயரும் ஒன்றும் சொல்லவில்லை, தேவாலயத்துப் பங்குச் சுவாமியும் ஒன்றும் சொல்லவில்லை. இப்படித்தான் நாங்கள் ஒரு குழு ஆனோம்.

கடல் கடந்து வந்த வேட்பாளர்கள்

சாப்பாட்டில் தொடங்கிய வேலை நோயாளிகளில் போய் நின்றது. தீவில் ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் பெரிய வருத்தமென்றால் யாழ்ப்பாணத்துக்குத்தான் போகவேண்டும். அதற்குக் கடலைத் தாண்டிக் குறிகட்டுவானில் இறங்க வேண்டும். பயணப் படகு இல்லாத நேரத்தில் வருத்தம் வந்தால் மீன்பிடி வள்ளம்தான். மழையென்றாலும் அலையென்றாலும் படங்கு என்கிற கித்தான் விரிப்பைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

அதனால் ஒவ்வொரு தேர்தலிலும் எங்களுக்கு ஒரே கோரிக்கை: கூரை போட்ட ஒரு படகு.

கேட்பதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். அதை ஏற்படுத்தியவர் நல்லதம்பி அண்ணை. எல்லாக் கட்சிக்காரரையும் ஒரே நாளில் வாசிகசாலைக்குக் கூப்பிடுவோம். கோயிலிலும் தேவாலயத்திலும் கூட்டம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே மாதிரியான கதிரை, ஒரே மாதிரியான தேத்தண்ணி. எல்லாரிடமும் கேட்போம், ஒருவருக்காகவும் பேசமாட்டோம்.

இதில் இன்னொரு வசதியும் இருந்தது. பல வேட்பாளர்கள் எங்கள் தீவுக்குக் கடல் கடந்து வருவதே அந்த ஒரு நாள்தான். கடல் கொந்தளிக்கும் சோளகக் காற்றுக் காலத்தில் ஒருவர் வழி முழுவதும் சத்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். முகம் வெளிறிப் போய்க் கதிரையில் சாய்ந்தவர், "உங்கடை கஷ்டம் எனக்கு இப்பதான் விளங்குது" என்றார். நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். திரும்பிப் போகும்போது கடல் அடங்கியிருந்தது. அதோடு அவருக்கு விளங்கியதும் அடங்கிவிட்டது போல. பிறகு அவரைக் காணவில்லை.

என் தகப்பனார் தென்னிலங்கையில் ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தார். கல்லாவுக்கு மேலே ஒரு ஆணி இருந்தது. எந்தக் கட்சி வென்றாலும் அந்த எம்.பி.யின் படம் அந்த ஆணியில் தொங்கும். தோற்றவரின் படம் அரிசி மூட்டைக்குப் பின்னால் போகும், அடுத்த தேர்தலில் மீண்டும் வெளியே வரும். ஒருமுறை அவசரத்தில் தோற்றவரின் படத்தையே திரும்பவும் மாட்டிவிட்டார் என்று சொல்லி அம்மா பல வருடம் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எவ்வளவு பயம் இருந்தது என்பது, கலவரத்தில் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்கு ஓடி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நல்லதம்பி அண்ணையின் ஒழுங்கு எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதில் ஆணியும் இல்லை, படமும் இல்லை.

ஆனால் படகும் இல்லை. ஒவ்வொரு முறையும் எல்லாரும் 'ஓம்' என்றார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் வென்றார். படகு வரவில்லை.

படங்கைப் பிடித்திருந்த கைகள்

ஒரு வருடச் சோளகத்தில் ஒரு இளம் பெண்ணுக்கு மாதம் நிறையும் முன்னரே வலி வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். பயணப் படகு போய்விட்டிருந்தது. வள்ளம் ஒன்று கிடைத்தது. ஆஸ்பத்திரித் தாதியோடு திரேசாவும் பாக்கியக்காவும் போனார்கள்.

நடுக்கடலில் குழந்தை பிறந்துவிட்டது. அலை மேலே விழாமல் இரண்டு பெண்களும் படங்கைப் பிடித்தபடி இருந்தார்களாம். காற்று அதைப் பிடுங்கியதாம். இழுத்துப் பிடித்தார்களாம். தாயைக் காப்பாற்ற முடிந்தது. பிள்ளை தங்கவில்லை.

திரும்பி வந்த திரேசாவின் இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்திருந்தது. மடத்துக் குசினியில் இருந்து, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தேர்தல் அறிவிக்கப்பட்டபோது குழு கூடியது. வழக்கம்போல எல்லாரையும் கூப்பிடுவோம் என்று நல்லதம்பி அண்ணை தொடங்கினார்.

"கூப்பிட்டுக் கூப்பிட்டு என்ன கண்டம் அண்ணை?" என்றார் திரேசா. "எல்லாரிட்டையும் கேட்டால் ஒருத்தருக்கும் பொறுப்பில்லை. வெண்டவர் நினைக்கிறார், இவை எனக்கெண்டு ஒண்டும் செய்யேல்லை எண்டு. தோத்தவரும் அதைத்தான் நினைக்கிறார்."

"அதுக்கு?"

"தாறன் எண்டு நெஞ்சைத் தொட்டுச் சொல்லுற ஒருத்தனுக்கு நாங்கள் வாய் திறந்து கதைப்பம். இந்த முறை மட்டும்."

நல்லதம்பி அண்ணை வாழ்நாள் முழுக்க ஒரு கட்சிக்குத்தான் வாக்குப் போட்டவர். தீவில் எல்லாருக்கும் அது தெரியும். ஆனால் மடத்துக் குசினிக்குள் அந்தக் கட்சியின் பெயரை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை.

"திரேசா, நீர் ஒருத்தனுக்குப் பின்னாலை போனால், மற்றவனுக்குப் போட்ட வீட்டிலை நாளைக்குச் சோத்தை நீட்டேக்கை கை கூசும். உம்மடை கை கூசாட்டிலும் வாங்கிற கை கூசும்."

"அந்தப் பிள்ளையைத் துணியிலை சுத்தினது என்ரை கை அண்ணை" என்றார் திரேசா. "எனக்கு இனிக் கூசுறதுக்கு ஒண்டுமில்லை."

அந்தக் கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. அன்று இருவரும் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. இன்று யோசித்தாலும் அப்படித்தான் படுகிறது.

ஐந்து நிமிடப் பேச்சு

அந்தத் தேர்தலில் ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் முதன்முறையாக நின்றார். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. நாங்கள் அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டோம். படித்த, பணிவான பிள்ளை. சிறுவயதில் அவரும் வள்ளத்தில் படங்குக்குக் கீழே கிடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவராம். அதைத் திரேசாவிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அது நடிப்பில்லை.

"அக்கா, கட்சி வாக்கோடை தீவுகளின்ரை விருப்பு வாக்கும் என்ரை பேருக்கு விழுந்தால்தான் நான் பாராளுமன்றத்துக்குப் போகலாம். நீங்கள் என்ரை மேடையிலை அஞ்சு நிமிசம் கதைச்சால் போதும். படகு என்ரை பொறுப்பு."

திரேசா பேசினார். சந்தியில் போட்ட மேடையில், கட்சிக்கொடிகளுக்கு நடுவில் நின்று, அந்தக் கடல் பயணத்தைச் சொன்னார். யாரையும் திட்டவில்லை. வாக்குப் போடுங்கள் என்று கூடச் சொல்லவில்லை. "இந்தத் தம்பி எனக்கு ஒரு சொல்லுத் தந்திருக்கிறார். நான் அதை நம்புறன்" என்று முடித்தார். கூட்டத்தில் பெண்கள் பலர் அழுதார்கள்.

மறுநாள் காலை நல்லதம்பி அண்ணை மடத்துக் குசினிப் பூட்டின் திறப்பைக் கொண்டுவந்து என் வீட்டு மேசையில் வைத்தார். "நீங்கள் காய்ச்சுங்கோ. நான் தடுக்கேல்லை. ஆனால் நான் இனி வரமாட்டன்" என்றார்.

தம்பி வென்றார். தீவுகளின் வாக்கு அவருக்கு நன்றாக விழுந்திருந்தது. சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். எங்கள் அனுபவத்தில் அது முதல் தடவை. வாக்குக் கொடுத்து மறந்தவர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள், அவர்களால் எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை. அவர்களைத் திட்டுவதிலாவது நாங்கள் ஒன்றாக இருந்தோம்.

"எங்கடை ஆக்கள்தானே?"

படகு குழுவின் பெயரில்தான் தரப்பட்டது. ஆனால் எண்ணெய்க்கும் ஓட்டிக்கும் ஒழுங்கு செய்தது தம்பியின் கட்சி. அதனால் படகு வேண்டுமென்றால் அக்கட்சியின் தீவு அமைப்பாளருக்குப் போன் எடுக்க வேண்டும்.

அந்த அமைப்பாளர் ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. இதை நான் நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் போனில் நோயாளியின் பெயரைக் கேட்டுவிட்டு, சிரித்தபடியே ஒரு கேள்வி கேட்பார்: "எங்கடை ஆக்கள்தானே?"

'இல்லை' என்று சொன்னாலும் படகு வரும். ஆனால் 'இல்லை' என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? வீட்டில் ஒருவர் வலியில் துடிக்கும்போது 'ஓம் ஓம்' என்றுதான் வாயில் வரும். பிறகு அது ஒரு கடன்போல நெஞ்சில் கிடக்கும். சிலர் அந்தக் கேள்வியைத் தவிர்ப்பதற்காகவே பயணப் படகு வரும்வரை வருத்தத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். சிலர் பழையபடி வள்ளம் தேடினார்கள்.

நல்லதம்பி அண்ணை திறப்பைத் தந்தாலும் மடத்துக் குசினி நிலைக்கவில்லை. கோயில் சபையில் மற்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். தேவாலயப் பெண்கள் மனம் நொந்து சட்டி பானைகளோடு தங்கள் மண்டபத்துக்குப் போனார்கள். மறுபடி இரண்டு அடுப்பு. வயதானவர்கள் யாரிடம் சோறு வாங்குகிறார்கள் என்பதை வைத்து அவர்கள் எந்தக் கட்சி என்று ஊர் பேசியது. கண் தெரியாத ஒரு அம்மா திரேசாவிடம் கேட்டாராம்: "பிள்ளை, நீ கொண்டு வாறது எந்தக் கட்சிச் சோறு?"

திரேசா அதை என்னிடம் சொல்லும்போது சிரிக்க முயன்றார். வரவில்லை.

பாக்கியக்கா மட்டும் இரண்டு அடுப்படிக்கும் போய் வந்தார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்

அடுத்த சோளகத்தில் ஒரு மத்தியானம். கல்வேலிக்கு மேலால் மண்ணை வாரி இறைக்கும் காற்று. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நல்லதம்பி அண்ணை செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"மனேச்சர், பாக்கியத்துக்கு வாய் ஒரு பக்கம் இழுக்குது. கதைக்கிறா, ஒண்டும் விளங்கேல்லை."

ஓடிப்போய்ப் பார்த்தேன். பாக்கியக்கா குசினி நிலத்தில் சுவரோடு சாய்ந்திருந்தார். வலது கை துவண்டு கிடந்தது. கண் மட்டும் எங்களைத் தெளிவாகப் பார்த்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆஸ்பத்திரி டொக்டருக்குப் போன் எடுத்தது. உடனே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகவேண்டும், நேரம் முக்கியம் என்றார் அவர்.

"அண்ணை, படகுக்குச் சொல்லுவம்" என்றேன்.

"அந்த ஆளின்ரை கேள்விக்கு நான் ஓம் எண்டு சொல்ல மாட்டன். இல்லை எண்டு சொல்லி ஏறவும் மாட்டன். நான் வள்ளம் பாக்கிறன்."

"இது நேரமில்லை அண்ணை—"

நான் சொல்லி முடிப்பதற்குள் கரைக்கு ஓடிவிட்டார். நான் திரேசாவுக்குப் போன் எடுத்தேன். அவர் அமைப்பாளரைக் கேட்கவில்லை. நேரே ஓட்டியின் வீட்டுக்குப் போய், அவரைக் கையில் பிடித்து இழுக்காத குறையாகக் கொண்டுவந்தார். நானும் இறங்குதுறைக்கு ஓடினேன். அதற்கிடையில் நல்லதம்பி அண்ணைக்கு ஒரு வள்ளம் கிடைத்துவிட்டது; பக்கத்து வீட்டுக்காரர் பாக்கியக்காவைத் தூக்கிப் போய் அதில் ஏற்றிவிட்டார்கள். எஞ்சின் பிடிக்காமல் நேரம் போய், ஒருவழியாகப் பிடித்து, வேறொரு கரையிலிருந்து அவர்கள் வெளிக்கிட்டுவிட்டார்கள்.

கூரைப் படகில் நாங்கள் பின்னால் போனோம். கடலில் பாதி வழியில் அவர்களைப் பிடித்தோம். திரேசா யன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிக் கத்தினார்:

"அண்ணை! அக்காவை இதுக்கை மாத்துவம்!"

நல்லதம்பி அண்ணை மனைவியின் தலையை மடியில் வைத்து, படங்கைத் தோளில் போட்டு, முதுகால் அலையைத் தாங்கிக்கொண்டிருந்தார். இந்த முறை அவர் மறுக்கவில்லை. கையை நீட்டினார். "மாத்துங்கோ! மாத்துங்கோ!" என்று அவர் கத்தியது எங்களுக்குக் கேட்டது.

ஆனால் கடல் விடவில்லை. படகு உயரும்போது வள்ளம் தாழ்ந்தது. வள்ளம் உயர்ந்தபோது இரண்டும் மோதின. ஒருமுறை, இரண்டாம் முறை. ஓட்டி தலையை ஆட்டினார். "ஏலாது. மாத்தப் போனால் கடலுக்கை விட்டிடுவம்."

பிறகு செய்ய முடிந்த ஒன்றைத்தான் செய்தோம். கூரைப் படகைக் காற்று வரும் பக்கமாகக் கொண்டுவந்து, அலையை அதன் உடம்பில் வாங்கிக்கொண்டு, வள்ளத்துக்கு மறைப்பாகக் கூடவே போனோம். குறிகட்டுவான் வரைக்கும் அப்படியே. உள்ளே வெறும் கட்டில். அதில் விரித்த துணி கூடக் கலையவில்லை. யன்னலுக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடலாம் போன்ற தூரத்தில், பாக்கியக்கா நனைந்துகொண்டு கிடந்தார்.

திரேசா வழி முழுவதும் அந்தக் கட்டிலில் இருக்கவில்லை. நின்றுகொண்டே வந்தார்.

மண்டைதீவைத் தாண்டிப் பண்ணைப் பாலத்தால் அம்புலன்ஸ் ஓடியதும், ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் ஈர உடுப்போடு நின்றதும் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. பாக்கியக்கா பிழைத்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு வரவில்லை. முந்தி வந்திருந்தால் நல்லது என்று டொக்டர் சொன்னார். முந்தி வந்திருந்தால் பேச்சு வந்திருக்குமா என்று நல்லதம்பி அண்ணை கேட்டார். டொக்டர் அவருடைய தோளில் கை வைத்தார்.

பிறகு

திரேசா தம்பியிடம் போனார். நானும் கூடப் போனேன். நடந்ததைக் கேட்டுத் தம்பி உண்மையாகவே கவலைப்பட்டார்.

"அக்கா, ஒருத்தரையும் ஏத்தக்கூடாதெண்டு நான் சொன்னனானோ?"

"இல்லைத் தம்பி. நீர் சொல்லேல்லை."

"அப்ப நான் என்ன பிழை விட்டனான்?"

"அந்தப் படத்தை எடுத்துவிடும். படகுக்கு எடுக்கிற போனை ஆஸ்பத்திரியிட்டைக் குடும்" என்றார் திரேசா.

தம்பி இரண்டையும் செய்தார். ஆனால் அதற்குள் படகு யாருடையது என்பது ஊரின் மனதில் பதிந்துவிட்டது. அடுத்த தேர்தலில் தம்பி தோற்றார். கொஞ்சக் காலம் ஊரார் கூடிப் படகை ஓட்டினார்கள். பிறகு எஞ்சின் பழுதானது, யார் திருத்துவது என்று பேச்சு இழுபட்டது. இப்போது அது கரையில் ஏற்றிக் கிடக்கிறது.

குழு கூடவில்லை. கலைக்கிறோம் என்று ஒருவரும் சொல்லவுமில்லை. இப்போதெல்லாம் வேட்பாளர்கள் வந்தால் கோயிலுக்குத் தனியாகப் போகிறார்கள், தேவாலயத்துக்குத் தனியாகப் போகிறார்கள். கோயில் மண்டபத்துக்கு ஓடு கேட்கிறது. தேவாலயம் மதில் கேட்கிறது. அவர்களுக்கு அது சுலபம். கூரைப் படகை ஒருவரும் கேட்பதில்லை.

திரேசா பல தடவை நல்லதம்பி அண்ணையின் படலை வரை போனார். "அவ நித்திரை" என்று பதில் வரும். கோபமான குரலில்லை. ஆனால் படலை திறக்காது. கொண்டுபோன சாப்பாட்டை மதிலில் வைத்துவிட்டு வருவார். சட்டி கழுவித் திரும்பி வரும். அவ்வளவுதான்.

கடைசியாக நடந்த தேர்தலில், வாக்குச் சாவடியான பள்ளிக்கூடத்து வரிசையில் நான் நின்றேன். சில பேருக்குப் பின்னால் திரேசா. நல்லதம்பி அண்ணை பாக்கியக்காவை ஓட்டோவில் கொண்டுவந்தார். இரண்டு பொடியள் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்து உள்ளே வைத்தார்கள். நடக்க, எழுத ஏலாதவர்கள் விரும்பிய ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போகலாம். அதற்கு வேண்டியதையெல்லாம் அண்ணை முன்பே செய்திருந்தார்.

அதிகாரி ஒரு இளம் பெண். குனிந்து, மெல்லக் கேட்டார்.

"அம்மா, உங்களோடை ஆர் வாறது?"

நல்லதம்பி அண்ணை ஒரு அடி முன்னால் வைத்தார். பாக்கியக்கா இடது கையை உயர்த்தி, அவருடைய வேட்டியில் தொட்டு, மெதுவாக ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு அந்தக் கையை வரிசைப் பக்கம் நீட்டினார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போன அந்த விரல் திரேசாவில் நின்றது.

திரேசா நம்பவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை.

"நீங்கள் ஏதும் கட்சி ஆளோ?" என்று அதிகாரி கேட்டார். கேட்க வேண்டியது அவருடைய கடமை.

"இல்லைப் பிள்ளை. இப்ப நான் ஒண்டிலையும் இல்லை."

நல்லதம்பி அண்ணை கதிரையின் பின்பக்கத்திலிருந்து கையை எடுத்தார். திரேசா போய் அதைப் பிடித்தார். இரண்டு பெண்களும் அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார்கள். நிறைய நேரம் எடுத்தது. வரிசையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

வெளியே மாமர நிழலில் கதிரையை இறக்கியபோது, அண்ணை திரேசாவின் முகத்தைப் பார்த்தார். படலைக்கு அப்பால் நின்று சொன்ன அந்த ஒற்றைப் பதிலைத் தவிர, அந்தக் கடல் பயணத்துக்குப் பிறகு அண்ணை திரேசாவோடு பேசியது அன்றுதான். யாருக்குப் போட்டார் என்று கேட்கவில்லை.

"அவவுக்குக் கை நடுங்கினதே?"

"இல்லை அண்ணை" என்றார் திரேசா. "என்ரை கைதான் நடுங்கினது. அவதான் பிடிச்சவ."